'வலி இல்லை' என்று எழுதினேன்

நாங்கள் சைதாப்பேட்டையில் கூட்டுக்குடும்பம். மாதவிலக்கு வந்தால் என் ஓரகத்தி சுதாவுக்கு மூன்று நாள் அடுப்படி வேலை கிடையாது. அவளுக்கு 'எண்டோமெட்ரியோசிஸ்', அதாவது கருப்பையின் உள்படலம் வெளியே வளரும் நோய் என்று வயிற்றில் துளை போட்டுப் பார்த்துச் சொல்லியிருந்தார்கள். மாமியாரே வெந்நீர்ப் பை கொண்டுபோய்க் கொடுப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்கும்தான் வலி உயிர் போகும்; மாத்திரையை விழுங்கிவிட்டு தோசை வார்ப்பேன். ஒருவரும் கேட்டதில்லை.

துளை போடாமல், சிறுநீரிலேயே இந்த நோயைக் கண்டுபிடிக்க முடியுமா என்று அடையாறில் ஓர் ஆய்வு. சுதாவைக் கூப்பிட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத பெண்களும் வேண்டுமாம். "நான் வரேன், எனக்கு ஒண்ணும் கிடையாது" என்று முந்திக்கொண்டேன். நான் கல்லுக்குண்டு மாதிரி இருப்பதை ஊரே பார்க்கட்டுமே!

படிவத்தில் 'வலி இல்லை, மாத்திரை இல்லை' என்று எழுதி, சிறுநீர் டப்பாவோடு நீட்டினேன். சுதா என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, அரிசி டின்னுக்குப் பின்னால மாசாமாசம் காலி மாத்திரை அட்டை கீதே, அது இன்னாக்கா?"

மேசைக்குப் பின்னாலிருந்த பெண் படிவத்தைத் திருப்பித் தந்தாள். "மறைச்சா எங்க ஆய்வே தப்பாயிடும்மா. இந்த டெஸ்ட்ல இப்போதைக்கு நோயைச் சொல்லவும் முடியாது. முதல்ல டாக்டரைப் பாருங்க."

பார்த்தேன். சினைப்பையில் எலுமிச்சை அளவு கட்டி.

இப்போதெல்லாம் வலிக்கும் நாட்களைக் காலண்டரில் குறித்து, டாக்டரிடம் ஒளிக்காமல் காட்டுகிறேன். மாமியார் எனக்கும் வெந்நீர்ப் பை வாங்கி வந்தார். வலியோடு வலியாக, என் பை சுதாவுடையதை விடப் பெரிதா என்று பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன்.