முன்பல்லுக்குப் பிடித்தம்

என் முன்பல்லை உடைத்தது வருமான வரி. வீல் ஸ்பேனரைப் பிடித்திருந்த கை என்னவோ என் மைத்துனனுடையதுதான்.

போடியிலிருந்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிப் போக எனக்கு ஒரு ஜீப், என் மனைவியின் தம்பிக்கு ஒரு ஜீப். எஸ்டேட்டில் இரண்டுக்கும் என் பேரில்தான் பில். எங்கள் ஸ்டாண்டில் பாதிப் பேர் இப்படித்தான். சொந்தத்தில் ஒருவன் பேரில் பில்லைப் போட்டுவிட்டு, வீட்டில் வைத்துப் பிரித்துக்கொள்வோம். எஸ்டேட்காரர்கள் வரியைப் பிடித்துக்கொண்டுதான் பணம் தருவார்கள். வருஷா வருஷம் ஆடிட்டர் என் பேரில் ரிட்டர்ன் போடுவார். பிடித்தது ரீஃபண்டாக என் கணக்குக்குத் திரும்பும். பாதி அவனுக்கு.

இந்த வருஷம் அந்தப் பாதியை வைத்துத்தான் அவன் ஜீப்புக்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எடுக்க வேண்டும். அது இல்லாமல் போடிமெட்டு செக்போஸ்ட்டைத் தாண்ட முடியாது. காய் எடுப்பு தொடங்கிவிட்டது. ரீஃபண்டைக் காணோம்.

காலையில் ஸ்டாண்டுக்கு வந்தான்.

"மச்சான், ரீஃபண்டு எங்க?"

"வரல மாப்ளே."

"ஊருக்கெல்லாம் வந்துருச்சு, ஒங்களுக்கு மட்டும் வரலையாக்கும். தின்னுபுட்டீகளா?"

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "ஆமா, ரெண்டு புரோட்டாவுக்குத் தொட்டுக்கிட்டேன்" என்றேன்.

முதல் அடியில் என் ஜீப்பின் ஹெட்லைட் போனது. அடுத்தது என் சட்டைப் பையில் விழுந்தது. உள்ளே இருந்த செல் நொறுங்கும் சத்தம் நெஞ்சுக்குள் கேட்டது. மாரடைப்பு என்றே நினைத்தேன். மூன்றாவது வாயில். ரத்தத்தோடு ஜீப்பைச் சுற்றி ஓடி, அடியில் புகுந்தேன். காலைப் பிடித்து இழுத்தான். கைலி அவனோடு போனது, நான் உள்ளேயே இருந்தேன். எதிரே தெரிந்த கெண்டைக்காலைக் கடித்தேன். வீரம் என்று எழுத ஆசைதான். பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு கடித்தேன். அவன் அலறினான். நான் அவனைவிடப் பெரிதாக அலறினேன்.

"ஆடிட்டர்ட்டப் போயி வெரசாக் கேட்டுத் தொலைங்கடா. வண்டிக்கு ஆளு நிக்குது" என்று டிரைவர்கள் எங்களைப் பிய்த்தெடுத்து, கைலியையும் கொடுத்து அனுப்பினார்கள்.

ஆடிட்டர் எங்களைப் பார்த்ததும் மேஜையில் இருந்த காகிதங்களை நகர்த்தி வைத்தார்.

"ரத்தம் படாமப் பேசுங்கய்யா. ரிட்டர்ன் போட்டா மட்டும் ஆச்சா? ஒங்க செல்லுக்கு வர்ற ஓடிபியைக் குடுத்து உறுதிப்படுத்தணும். என் புது நம்பர்லருந்து எத்தனை தடவை கூப்பிட்டேன்! ஓடிபின்னதும் எங்க ஆத்தாவையில்ல இழுத்தீங்க?"

மைத்துனன் மெதுவாக என் பக்கம் திரும்பினான்.

"அது நீங்களா சார்? திருட்டுப் பயன்னு நெனச்சேன்" என்றேன். ஓடிபி கேட்டால் சொல்லாதே என்று ஊரே மிரட்டி வைத்திருக்கிறது. அன்றைக்குச் செல்லை ஆஃப் பண்ணி அரிசி டிரம்முக்குள் புதைத்தவன் நான்.

"நாளையோட கெடு முடியுது. தவறுனா ரீஃபண்டு இப்போதைக்கு இல்ல. செல்லை எடுங்க."

எடுத்தேன். கண்ணாடித் தூள் மேஜையில் கொட்டியது.

"இதை ஒடைச்சது யாரு மாப்ளே?"

அவன் தன் செல்லிலிருந்து சிம்மைக் கழற்றி என்னுடையதைப் போட்டான். ஓடிபி வந்ததும் ஒரு கையால் என் காலரைப் பிடித்துக்கொண்டு, எண்களை ஆடிட்டருக்கு ஒவ்வொன்றாக வாசித்தான்.

சில வாரத்தில் பணம் வந்தது. அவன் பங்கை வீட்டில் வைத்துக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்தான்.

"என்ன மச்சான், கொறையுது?"

"ஹெட்லைட்டு, செல்லு, பல்லு. பிடிச்சுருக்கேன்."

"எஃப்.சி.க்குப் பத்தாதே. பிடிச்சது திரும்ப வருமா?"

"நீயும் ரிட்டர்ன் போடு, பாப்போம்."

அவன் எழுந்து வாசலில் நின்ற தன் ஜீப்பை நோக்கி நடந்தான். ஸ்பேனர் சீட்டுக்கு அடியில்தான் கிடக்கும். நான் பின்னாலேயே ஓடி, பிடித்ததை முழுசாக அவன் கையில் திணித்தேன்.