எனோவின் பேனாவில் ஆபீஸ் மை

ஜெர்மனியின் வடக்கே, லேர் நகராட்சியில் பிறப்பு, இறப்பு, கல்யாணம் மூன்றையும் பதிவு செய்கிறவள் வீப்கே. யாருக்கும் அஞ்சாதவள். குடித்துவிட்டு வந்து நின்ற ஒரு மாப்பிள்ளையை, "போய் மூஞ்சியக் கழுவிட்டு வா, அப்புறம் கல்யாணம்" என்று திருப்பி அனுப்பியிருக்கிறாள். அப்பேர்ப்பட்டவள் அந்த வெள்ளிக்கிழமை காலையில் பயந்துபோனாள். காரணம், புருஷனுடைய பேனா.

எனோ பள்ளிக்கூட வாத்தியார். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பேச்சு திரும்பிவிட்டது, நடையும் ஒருமாதிரி வந்துவிட்டது. கை? "பார்க்கலாம்" என்று டாக்டர் சொன்ன தினுசே வீப்கேவுக்குப் பிடிக்கவில்லை. அங்கே கொடுத்த பால்பாயின்ட் பேனாவை எனோ வீசி எறிந்தார்.

"இந்தக் குச்சியில எவன் எழுதுவான்? வீட்டுக்கு வந்து என் பேனாவ எடுக்கறேன், அப்பப் பாரு என் கைய!"

அந்தப் பேனாவைத்தான் இவள் பாழாக்கி வைத்திருந்தாள். அவர் இல்லாத வீட்டில் இருப்புக்கொள்ளாமல், துணைக்கு இருக்கட்டுமென்று ஆபீசுக்கு எடுத்துப் போனாள். மை தீர்ந்ததும் மேசையில் இருந்த பதிவு மையையே உறிஞ்சவிட்டாள். யாருடைய பிறப்பும் சாவும் அழிந்துபோகக் கூடாதென்று சட்டம் கேட்கிற மை அது. பேனாவில் காயவிட்டால் உள்ளேயே குடித்தனம் பண்ணிவிடும். ஆஸ்பத்திரி அலைச்சலில் மறந்தே போனாள். இப்போது பின்பக்கத் திருகைச் சுற்றினால் உள்ளே மை உறிஞ்சுகிற பிஸ்டன் அசையமாட்டேன் என்கிறது. சாயங்காலம் எனோ வருகிறார்!

எழுதுபொருள் கடை ஹாபோவிடம் ஓடினாள். அவர் பேனாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"நான் தொடமாட்டேம்மா. உடம்பு கீறிடுச்சுன்னா எனோ என் கழுத்தத் திருகிடுவான்."

"அப்ப என் கழுத்து மட்டும் என்ன, தேக்கா?"

"உன் கழுத்து அவனுக்கு வேணுமே! கேளு. முள்ளைக் கழட்டிட்டு வெதுவெதுப்பான தண்ணி விடு. கொதிக்கிறது கூடாது. ஊறட்டும். பலத்தக் காட்டினே, போச்சு."

பிஸ்டன் வழுக்கிக்கொண்டு ஓடக் கொஞ்சம் சிலிக்கோன் மசகுப் பசையும் மடித்துக் கொடுத்தார்.

ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்தாள். முள்ளை மெல்லத் திருகி எடுத்து, சொட்டுமருந்துக் குழாயால் தண்ணீர் விட்டாள். ஊறுகிறவரை டீ போட்டாள். சூடான டீ பட்டுக் கோப்பையில் கற்கண்டு வெடித்த சின்னச் சத்தத்துக்கே, ஐயோ பேனாதான் விரிசல் விட்டதோ என்று நெஞ்சு பதறியது. கருநீலத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி ஊறவைத்தாள். மத்தியானம் திருகு மயிரிழை அசைந்தது. முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம். கடைசியில் பிஸ்டன் இறங்கியது. பல்குத்தும் குச்சியால் உள்சுவரில் பசையைத் தடவினாள். இப்போது ஒற்றை விரலால் தள்ளினாலே திருகு சுற்றியது. பெற்ற பிள்ளை பிழைத்த மாதிரி அழுதுவிட்டாள்.

எனோ வந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"எங்கடி என் பேனா?"

மேசையில் பேனாவையும் புது மைப்புட்டியையும் வைத்தாள். இடது கையில் பேனாவைப் பிடித்துக்கொண்டு, வலது கை விரல்களைத் திருகின்மேல் வைத்தார். விரல்கள் வழுக்கின. மறுபடி வைத்தார். கட்டைவிரல் மடங்கவே இல்லை. நெற்றியில் வேர்வை பூத்தது. தன் கையையே வெறித்துப் பார்த்தார். அவர் முகத்தில் இப்படியொரு பயத்தை வீப்கே ஒருநாளும் கண்டதில்லை.

"வீப்கே... இது சுத்தலயே."

"அது... எனோ, திட்டாத. நான் ஆபீஸ் மைய ஊத்திட்டேன். இறுகிப்போச்சு."

"என்னது!"

"ஹாபோகிட்டக் காட்டினேன். அவராலயே முடியல."

"அடிப்பாவி! அறிவிருக்கா உனக்கு? கல்யாண மைய என் பேனாவுல ஊத்துவியா? நான் என்னமோ ஏதோன்னு..." என்றவர் பாதியில் நிறுத்தினார். நின்றிருந்த மூச்சு வெளியே வந்தது. "குடு, இன்னொரு தரம் பார்க்கறேன்."

"வேணாம், உடைஞ்சிடும். நானே பார்க்கறேன்."

பேனாவை வாங்கி, திருகு தப்பித்தவறிச் சுற்றிவிடாதபடி விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து முக்கிக் காட்டினாள்.

"பாரு, எனக்கும் வரல" என்றாள்.