அத்தை தீவைவிட்டு வரமாட்டேன் என்ற நாள்

நான் நான்காம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் சங்ககிரியிலிருந்து காரில் ராமேஸ்வரம் போனோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை. திரும்பும் வழியில் அத்தையை மல்லசமுத்திரத்தில் அவள் வீட்டில், மாமாவிடம் விட்டுவிடுவதென்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்த அத்தை அதுவரை ஊர் திரும்பவில்லை. ஏனென்று நான் யோசித்ததில்லை. எனக்குத் தலைபின்ன ஆள் கிடைத்திருந்தது.

கோயிலுக்குப் போய் வந்ததும், பக்கத்தில் ஒரு தீவுக்குப் படகில் கூட்டிப் போகிறார்கள் என்று யாரோ சொல்ல, அப்பா டிக்கெட் எடுத்துவிட்டார். படகின் அடியில் கண்ணாடி. அதன் வழியே பவளப்பாறைகள் தெரிந்தன.

"அது வெறும் கல்லில்ல பாப்பா, உசுருள்ளது. தொட்டா செத்துரும். நம்ம கையையும் கிழிச்சிரும்" என்றார் கூட வந்த வனக் காவலர்.

உயிர் இருந்தால் ஏன் நகரவில்லை என்று எனக்கு ஒரே குழப்பம்.

தீவில் இறங்கியதும் காவலர், அந்தக் காலத்தில் முத்துக்காகக் கப்பல்கள் வந்ததையும், மண்ணுக்குள் பழைய பானை ஓடுகள் கிடைத்ததையும் சொன்னார்.

"இப்ப இங்க ஆருங்க இருக்கறாங்க?" என்று கேட்டாள் அத்தை.

"யாரும் இருக்கக் கூடாதும்மா. அனுமதியில்லாம ஒருத்தரும் கால் வைக்க முடியாது."

"ஆருமேங்களா?"

"யாருமேதான்."

அத்தையின் முகம் தெளிந்தது. எனக்கோ அதைக் கேட்கவே பயமாக இருந்தது.

அத்தை கரையோரம் உட்கார்ந்து, அந்த வெயிலிலும் போட்டிருந்த முழுக்கை ஜாக்கெட்டை முழங்கைவரை மடக்கிக்கொண்டு தண்ணீரில் கையை விட்டாள். முழங்கைக்குக் கீழே வட்டவட்டமாகக் கறுத்த தழும்புகள். பவளப்பாறை கிழித்துவிட்டதென்று நான் கத்தினேன். ஓடி வந்த அப்பா அந்தக் கையைப் பார்த்தபடியே நின்றுவிட்டார். அத்தை முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

படகு கிளம்பும் நேரமாயிற்று. எல்லோரும் ஏறிவிட்டார்கள். அத்தை மட்டும் எழவில்லை.

"எந்திரி சாமி, படகு போயிரும்" என்றார் அப்பா.

"நான் வரலீங்கண்ணா. இங்கயே இருந்துக்கறேன்."

இங்கே தங்க முடியாது என்று காவலர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அம்மா அழுதாள். சோறு கிடையாது, நல்ல தண்ணீர் கிடையாது, படுக்க ஒரு கூரையும் கிடையாது. அங்கே எதற்கு இருக்க வேண்டும்? கடைசியில் அப்பா ஈர மணலில் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, காதோடு என்னவோ சொன்னார். அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், எழுந்து வந்து படகில் ஏறினாள்.

மறுநாள் மதியம் திருச்செங்கோடு வந்தது. மல்லசமுத்திரம் திரும்பும் இடத்தில் அப்பா திரும்பவில்லை. சங்ககிரி ரோட்டைப் பிடித்தார்.

"அப்பா, அத்தையூட்டுக்குப் போற ரோட்ட உட்டுட்டீங்க" என்றேன்.

அத்தை என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். அவள் உடம்பு குலுங்கிக்கொண்டிருந்தது. வருஷக்கணக்காக லாரி ஓட்டும் அப்பாவுக்கே வழி தப்பிவிட்டதே என்று, வீடு வந்து சேரும்வரை நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.