சண்டையைக் கேட்டு ஊசி போட்டவர்

சின்னசேலம் பஸ்ஸில் ஜன்னலோரம் அரைத் தூக்கத்தில் இருந்தபோது மைத்துனன் முருகன் போனில் அழைத்தான். "மாமா, நம்ப ஷாகிரா டாக்டரம்மா போய்ட்டாங்களாம்." வெளியே கல்வராயன் மலை மேகத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. இறங்க வேண்டிய இடத்தில் நான் இறங்கவில்லை.

கள்ளக்குறிச்சியில் அவரிடம் வைத்தியம் பார்த்த உங்களுக்கெல்லாம் அவருடைய அதட்டல் தெரியும். எனக்கு முதலில் தெரிந்தது அவர் குரல் மட்டும்தான். மலையில் மாமனார் வீட்டில் ஒரு நாள் காலை, மூளைக்குப் போகும் குழாயில் ரத்தம் கட்டிக்கொண்டு என் வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போனது. வண்டியில் கிடந்தபடி, மூங்கில் புதர்கள் தலைக்கு மேல் மிதந்து போவதைப் பார்த்தேன். வலியில்லை, பயமுமில்லை, யாருக்கோ நடப்பது போல இருந்தது. கை கால் விழுந்தவர்களுக்குப் புறா ரத்தம் தேய்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். முருகன் அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, சாவகாசமாகப் பேரம் பேசி ஒரு புறா வாங்கினான்.

டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை. ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை, கை கால் விழுந்த நாலரை மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும்; தாமதித்து ஏற்றினால் மூளையில் ரத்தம் கசியலாம். "கடைசியா எப்போ நல்லா இருந்தாரு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"நான் எழுந்தப்பவே இப்பிடித்தான் கெடந்தாருங்க" என்றாள் என் மனைவி செல்வி.

அது பொய். அந்தப் பொய் நின்றிருந்தால், ராத்திரியே விழுந்திருக்கலாம் என்று கணக்காகி எனக்கு மருந்து இல்லை. காதில் விழுந்தது; மறுக்க நாக்கு இல்லை.

டாக்டரம்மா அவள் முகத்தையே பார்த்திருக்க வேண்டும். "தம்பி, நீங்க புறாவ எடுத்துக்கினு வெளிய இருங்க" என்று முருகனை அனுப்பினார். "இப்ப சொல்லும்மா."

"எட்டு மணி பஸ்ஸு போறப்போ எந்தம்பியப் பத்தி எங்கூட சண்ட போட்டாருங்க. அவன் எதிர்ல எப்பிடிச் சொல்றது?"

"வாய் கொழறிச்சா?"

"இல்லீங்க. முழுசா திட்டுனாரு."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அப்போ இன்னும் நேரமிருக்கு, மருந்து போடலாம்."

மருந்து ஏறியதும் சேலத்துக்கு அனுப்பி, தொடை வழியாகக் கம்பி விட்டு மிச்சக் கட்டியையும் எடுக்க வைத்தார். பிறகு நடந்தே அவரைப் பார்க்கப் போனேன். "வூட்டுச் சண்டைய மட்டும் டாக்டர்ங்ககிட்ட மறைக்காதீங்க. எங்களுக்கு அதான் கடியாரம்" என்றார்.

நேற்று இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். மைக் முன் நின்றேன், வார்த்தை வரவில்லை. செல்வி நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். "சிரிங்க" என்றாள். வாய் கோணுகிறதா என்று பார்க்க டாக்டரம்மா அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்த சோதனை அது. என்னால் சிரிக்க முடியவில்லை. "ரெண்டு கையும் தூக்குங்க." தூக்கினேன். இரண்டும் ஒரே உயரத்தில் நின்றன.

"ஒண்ணுமில்ல, அழறாரு" என்று செல்வி கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்.

இந்தக் கைகள் அவர் மிச்சம் வைத்தவை. இரண்டையும் சேர்த்துக் கும்பிடுகிறேன், டாக்டரம்மா.