கல்வெட்டில் பேர், குழாயில் காற்று

மேடையில் மற்றவர்கள் வாங்கிய கைதட்டலுக்கு மறுநாள் காலையில் அலைகிறவன்தான் சங்கத்துப் பொருளாளர். மாநாட்டில் மைக்கைப் பிடித்து, “சங்ககிரி டிரைவருங்க ஓய்வறைக்கு என் ரிக் வண்டியிலயே போர்வெல் போட்டுத் தாரேனுங்க” என்று சொல்லிச் சால்வை வாங்கிப் போனவரே, நீங்கள் ஏமாற்றிவிட்டீர்கள். பேரை நான் சொல்லவேண்டியதில்லை. அதைக் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறேன்.

வாசகர்களே, லாரி உரிமையாளர் சங்கத்துக்கு நான் பதினாறு வருஷமாக மாநிலப் பொருளாளர். ஏதாவது ஒரு சங்கத்துப் பணப்பெட்டிச் சாவியைச் சுமக்கிறவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

பந்தல் விலை

கிளீனராக இருந்து லாரி வாங்கியவன் நான். பேரம் எனக்கு அடிபட்டு வந்த படிப்பு. முதல் மாநாட்டுக்குப் பந்தல்காரர் சொன்ன தொகையைக் கேட்டதும் அவர் நாற்காலியை எட்டி உதைத்தேன். அரை மணி நேரத்தில் விலை பாதியானது. அவர் நாற்காலியை நிமிர்த்திப் போட்டுக்கொண்டே கேட்டார்: “ஏனுங்க, பந்தலப் போடட்டுமா, இல்ல உங்களுக்கே எழுதிக் குடுத்துட்டுப் போகட்டுமா?”

முந்திக்கொண்ட கல்

தண்ணீர் விஷயத்தில் தப்பு என்னுடையது. பேரை வெட்டிவிட்டால் வெட்கத்துக்காவது ரிக் வரும் என்று நினைத்து, அந்தச் சால்வை மாநாடு முடிந்த வாரமே ஓய்வறைச் சுவரில் சலவைக்கல் பதித்தேன். சரக்கு வரும் முன்னே முழு விலையையும் கொடுத்த மாதிரி ஆயிற்று. தொட்டி, குழாய் எல்லாம் தயார். தண்ணீர்தான் இல்லை.

மோகனூரிலிருந்து வாழைத்தார் ஏற்றி வந்த டிரைவர் ஒருவர், கேனில் கொண்டுவந்த தண்ணீர் தீர்ந்துபோய், முகமெல்லாம் சோப்போடு குழாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. வெளியே வந்து கல்லை நிதானமாகப் படித்தார். “துண்டுக்கும் யாராச்சும் பேர் வெட்டியிருக்காங்களான்னு பாக்குறேனுங்க” என்றார்.

வடக்கே போன வண்டி

மூன்று தடவை ரிக்காரர் வீட்டுக்குப் போனேன். முதல் தடவை, வண்டி போர் போட வடநாட்டுப் பக்கம், வடக்கே போயிருக்கிறது என்றார். அடுத்த தடவை கம்ப்ரசர் பழுது. அதற்கடுத்து மறுபடி வடக்கு. நான் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. அவர் மோர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். “கோவிச்சுக்காதீங்க. கல்லுல பேர் ஏறிருச்சுல்ல, பாதி வேல முடிஞ்ச மாதிரிதானுங்க.”

சாவி

சங்கப் பணத்திலேயே போர் போடலாம் என்று பொதுக்குழுவில் ஒருவர் சொன்னார். பேர் ஒருத்தருக்கு, செலவு சங்கத்துக்கா? நான் மேசையைத் தட்டினேன். அந்த வண்டி வந்து தண்ணீர் எடுக்கும் வரை சாவியை இறக்கமாட்டேன் என்று சபதமும் போட்டேன். அதற்குப்பின் வந்த தேர்தலில் என்னை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. மரியாதை என்று நினைத்தேன். டீ குடிக்கும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது: “பதவி போயிருமின்னு இவருதான் ரிக்க வரவுடாமப் பண்றாருங்க.”

ரிக்காரரே, பதினாறு வருஷமாகச் சங்கப் பணத்தை ஒரு பைசா கூடக் குறையாமல் காத்தவனுக்கு நீங்கள் வாங்கிக் கொடுத்த பட்டம் இது. ஆகவே இந்த மழைக்கு அங்கே வேலை நின்று வண்டி வடக்கேயிருந்து திரும்பும்போது, உங்கள் வீட்டு வாசலுக்குப் போகும் முன்னே சங்ககிரி ஓய்வறையில் நிறுத்துங்கள், டிரைவர்கள் சோப்பைக் கழுவட்டும், நான் சாவியைக் கொடுத்துவிட்டு வீடு போய்ச் சேருகிறேன்.