ஏரிக்கு வாஸ்து பார்க்கிறார்கள்

இந்த ராத்திரி நேரத்தில் குரூப்பில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் வீடு கட்ட நாங்கள் வாங்கும் சைட்டுக்கு வெள்ளிக்கிழமை ரிஜிஸ்ட்ரேஷன். இன்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம், நீலசந்திராவில் நாங்கள் குடியிருக்கும் தெருவைச் சொல்லி, லேஅவுட் பெயரையும் பெருமையாகச் சொன்னேன்.

"ஐயோ, அங்கயாம்மா? அது ஏரிம்மா! வீடு கட்ட பர்மிஷனே குடுக்கல, நாங்க மாட்டிக்கிட்டோம். பக்கத்து சைட்டு உங்க தெரு டெய்லரோடதுதான், கேட்டுப் பாரு."

அந்த டெய்லர் எங்கள் மாடி வீட்டு அக்காவின் கணவர். சைட் முடிவானதற்கு நான் ஸ்வீட் கொடுத்தபோது, "நல்ல ஏரியா" என்று சொல்லி இரண்டாவதும் எடுத்துக்கொண்டவர் அந்த அக்கா!

அக்காவிடம் ஓடிப்போய்க் கேட்டேன்.

"ஏமாந்தோம்னு சொன்னா சிரிப்பாங்க கண்ணு. ஏன் வீடு கட்டலன்னு கேக்கறவங்ககிட்ட, வாஸ்து பாக்கறோம்னு சொல்லிட்டிருக்கேன். நான் சொன்னேன்னு உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாத."

என் கணவரோ, "பஸ்ல யாரோ சொன்னதுக்கெல்லாம் பயந்தா சைட்டு வாங்க முடியுமா?" என்கிறார்.

வீடு கட்டினால் இங்கே எல்லோரும் போட்டோ போடுகிறோம். ஏமாந்தவர்களும் இருப்பீர்கள். என் கணவரிடம் காட்ட எனக்கு ஒருவராவது வேண்டும். சிரிக்க மாட்டேன், வாஸ்துவும் கேட்க மாட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் பதில் எழுதுங்கள்.