ருத்ரேஷுக்குப் போன கடிதம்

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற என் டிடிபி கடையில், ஜெயக்குமார் பதினெட்டு வருஷமாகக் கன்னடம் அடிக்கிறான். ஸ்ரீரங்கம் வரும் கர்நாடக யாத்திரிகர்களுக்காக லாட்ஜ்காரர்கள் கேட்கிற போர்டு, நோட்டீஸ் எல்லாம் அவன் கைவேலை. அடித்து அடித்தே மொழியும் வந்துவிட்டது. சாஃப்ட்வேர்தான் ஆதிகாலத்துது. அதன் எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் எல்லாம் கன்னாபின்னாவென்று தெரியும். "பிடிஎஃப்பா மாத்தித்தான் அனுப்பணும்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் உபதேசம் செய்கிறவனும் அவன்தான்.

அவன் மகள் சுபஸ்ரீ, கர்நாடகத்தில் ஹாசன் பக்கத்து மெக்கானிக் ருத்ரேஷைக் கட்டிக்கொண்டாள். வீடு தேடி வந்த மாப்பிள்ளையைச் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினான் இந்த மடையன். அவள் போனில் ஒன்றுதான் சொன்னாள்: "அவருகிட்ட மன்னிப்பு கேளுங்கப்பா. அவருக்குப் புரியற மாதிரி கேளுங்க. அப்புறம் நான் வரேன்."

நாலு வருஷம் வீம்பு. போன ஆடிப்பெருக்கன்று, கண்ணைத் துடைத்துத் துடைத்துக் கன்னடத்தில் ஒரு பக்கம் அடித்து, கடை மெயிலிலிருந்து அனுப்பினான். பதில் வரவில்லை.

"போன் பண்ணித் தொலையேன்டா!" என்று கத்தினேன்.

"படிச்சிட்டும் பேசாம இருக்காருண்ணே. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசறது?"

புரட்டாசியில் காய்ச்சல் வந்து நாலே நாளில் சுபஸ்ரீ போய்விட்டாள். சேதி வந்தபோது தகனமே முடிந்திருந்தது.

அவள் ஆசைப்படி, அஸ்தியோடு ருத்ரேஷ் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறைக்கு வந்தார். ஜெயக்குமாரோடு நானும் போனேன். காவிரியில் கரைத்துவிட்டுப் படியேறியவர், அரைகுறைத் தமிழில் கேட்டார்: "ஒரு வரி எழுதக்கூடாதா மாமா? கடைசி வரைக்கும் கேட்டா, 'அப்பா எழுதினாரா'ன்னு."

"ஆடிப்பெருக்குக்கு மெயில் அனுப்பினேனே!"

போனில் தேடினார். இருந்தது. திறந்தால் ஆங்கில எழுத்தும் கொம்பும் கோடுமாக ஒரு பக்கம்.

"இதுவா? ஏதோ வைரஸ்னு விட்டுட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஊருக்கெல்லாம் சொன்னவன், தன் கடிதத்தைப் பிடிஎஃப்பாக மாற்றாமல் அனுப்பியிருக்கிறான். பாவி, அழுதுகொண்டே அடித்தவனுக்கு அது எங்கே ஞாபகம் இருந்திருக்கும்!

ஜெயக்குமார் போனை வாங்கினான். எந்தக் கிறுக்கல் எந்தக் கன்னட எழுத்து என்று அவனுக்கு அத்துப்படி. ஈரப் படியில் நின்று, கன்னடத்தில் வாய்விட்டுப் படித்தான். ருத்ரேஷ் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கடைசி வரிக்கு வந்ததும் நின்றுவிட்டான். அது என்னவென்று அனுப்பிய அன்றே என்னிடம் சொல்லியிருந்தான். தீபாவளிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று எழுதியிருந்தான்.